மெதுவான சார்ஜ்: பழைய கார் பேட்டரிகளை மீட்ட வரலாறு

ஈய-அமில பேட்டரி பிறந்ததே மெதுவான மின்னேற்றத்தில்தான். 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்தே இரண்டு ஈயத் தகடுகளை இடையே துணி வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். நடைமுறைக்கு உகந்த டைனமோ இன்னும் வராத காலம் அது. சாதாரண மின்கலங்களைக் கொண்டே தகடுகளில் மின்சாரம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவது, இறக்குவது, மீண்டும் ஏற்றுவது என்று பல வாரங்கள் தொடர்ந்த பிறகுதான் ஈயத்தின் மேற்பரப்பு நுண்துளைகள் கொண்டதாக மாறி, போதிய மின்சாரத்தைத் தேக்கிவைத்தது. 1881இல் கமில் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்து இந்தக் காத்திருப்பைப் பெருமளவு குறைத்தார். அடுத்து, பசையைத் தாங்கிப் பிடிக்கும் ஈயச் சட்டகங்கள் வந்தன. கார் பேட்டரித் தகடுகளின் அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே.

பேட்டரிக்குள் நடப்பதை 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு ஆங்கில வேதியியலாளர்கள் விளக்கினார்கள். நேர்மின் தகட்டில் ஈய டைஆக்சைடும் எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற ஈயமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது சல்பேட் கரைந்து, தகடுகளும் அமிலமும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

பழைய பேட்டரிகளின் முதன்மையான நோயும் இதிலிருந்தே பிறக்கிறது. புதிதாக உண்டான சல்பேட் படிகங்கள் நுண்ணியவை, எளிதில் கரைபவை. சார்ஜ் இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துவிடும். பெரிய படிகங்கள் மிக மெதுவாகவே கரையும்; மின்சாரத்தையும் கடத்தா. அப்படிப்பட்ட பேட்டரிக்கு அதிக மின்னோட்டம் கொடுத்தால், அது சல்பேட்டை மாற்றுவதற்குப் பதிலாகத் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதிலும் வெப்பத்திலும் வீணாகும். தகட்டிலுள்ள பொருளும் உதிரத் தொடங்கும். படிகம் கரையும் வேகத்தை மீறாத சிறு மின்னோட்டமே பயன் தரும். மெதுவான சார்ஜ் என்ற வழக்கத்தின் வேதியியல் அடிப்படை இதுதான்.

இந்த அறிவு தொழிலாக மாறியது கார்களால். 1912இல் கேடிலாக் நிறுவனம் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரைத் தன் கார்களில் பொருத்தியது. அதற்குப் பின் பேட்டரி இல்லாமல் காரைக் கிளப்புவது படிப்படியாக அரிதாயிற்று. அக்காலத்து டிசி ஜெனரேட்டர், என்ஜின் மெதுவாக ஓடும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் தந்தது. நகருக்குள் நின்று நின்று ஓடும் கார்களின் பேட்டரிகள் ஒருபோதும் முழுமையாக நிரம்பவில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற கார்களின் பேட்டரிகளோ தாமாகவே இறங்கி சல்பேட் ஏறிக் கிடந்தன. பேட்டரி சார்ஜ் போடும் கடைகள் பெருக இவையே காரணம். 1920களில் வால்வு ரேடியோ பரவியதும், அதற்கான சேமிப்புக் கலங்களைச் சுமந்துகொண்டு வீட்டுக்காரர்களும் இதே கடைகளுக்கு வந்தார்கள்.

நேர்மின்னோட்டம் கிடைத்த நகரங்களில் கடைக்காரரின் கருவி மிக எளியது: பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுவே வரிசையாக மின்விளக்குகளைப் பொருத்துவார். எரியும் விளக்குகளின் எண்ணிக்கையே மின்னோட்டத்தை நிர்ணயித்தது. மாறுமின்னோட்டம் பரவியபோது அதை நேர்மின்னோட்டமாக்கும் டங்கர் என்ற ரெக்டிஃபையர் குமிழ்களும், பின்னர் செலினியம், சிலிக்கான் ரெக்டிஃபையர்களும் அந்த இடத்தைப் பிடித்தன.

சல்பேட் ஏறிய பேட்டரியை மீட்கும் முறை அந்த நாட்களிலேயே உறுதிப்பட்டுவிட்டது. முதலில் காய்ச்சி வடித்த நீரால் பேட்டரியின் அறைகளை உரிய மட்டம் வரை நிரப்புவார்கள். பிறகு வழக்கமான மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கை மட்டும், சில நாட்கள் வரைகூட, தொடர்ந்து செலுத்துவார்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியானால் ஓரிரு ஆம்பியர் போதும். ஆசிட்டின் வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுவார்கள். ஆசிட்டின் ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு மணிக்கணக்கில் உயராமல் ஒரே நிலையில் நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். முழுமையாக மீண்ட பேட்டரியில் ஆசிட்டின் ஒப்படர்த்தி குளிர்நாடுகளில் 1.280 அளவிலும், வெப்பநாடுகளுக்காக நிரப்பியதில் 1.240 அளவிலும் நிற்கும். மிக மோசமான நிலையில் ஆசிட்டைக் கொட்டிவிட்டு வெறும் நீரை நிரப்பிச் சார்ஜ் போடும் வழக்கமும் இருந்தது. நீர்த்த திரவத்தில் சல்பேட் சற்று எளிதாகக் கரையும். ஹைட்ரஜன் வெளியேறும் வேலை என்பதால் காற்றோட்டமும், தீப்பொறி படாத கவனமும் கட்டாயம்.

இவ்வளவு பொறுமை எல்லோருக்கும் இல்லை. உள்ளே போட்டால் செத்த பேட்டரி பிழைக்கும் என்ற பொடிகள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக விற்பனையாகின. அவற்றுள் ஏடி-எக்ஸ்2 என்ற பொடி அரசியலையே உலுக்கியது. அமெரிக்க தேசியத் தர நிர்ணயப் பணியகம் பொடி போட்ட பேட்டரிகளையும் போடாத பேட்டரிகளையும் ஒரே விதமாகச் சோதித்து, பொடியால் பயனில்லை என்று கண்டது. 1953இல் வணிக அமைச்சர் சின்க்ளேர் வீக்ஸ், பணியகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். அறிவியலாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஆஸ்டின் பதவியில் நீடித்தார். அதே ஆண்டில் தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் பணியகத்தின் முடிவையே உறுதிசெய்தது. பேட்டரியை மீட்பது பொடியா, சார்ஜா என்ற கேள்விக்கு ஒப்பீட்டுச் சோதனைதான் விடை தரும் என்பதை இந்த விவகாரம் நிலைநாட்டியது.

1960களில் கார்களில் டிசி ஜெனரேட்டருக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பரவியது. என்ஜின் மெதுவாக ஓடும்போதும் பேட்டரிக்கு மின்சாரம் கிடைத்தது. தார் பூசி அடைத்த கடின ரப்பர் பெட்டிகளைத் திறந்து, தகடுகளையும் பிரிப்பான்களையும் மாற்றிவந்த தொழிலாளர்களுக்கு, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பெட்டிகள் வேலையில்லாமல் செய்தன. நீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரிகள் 1970களில் பரவியதும், அறை அறையாக ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கும் வழியும் அடைபட்டது.

ஆனாலும் மெதுவான சார்ஜ் வழக்கொழியவில்லை. நீர் ஊற்றும் மூடிகள் கொண்ட லாரி, டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு அது இன்றும் பொருந்தும். அதன் எல்லையும் தெளிவானது: சல்பேட் ஏறியதால் மட்டும் முடங்கிய பேட்டரி, அதுவும் அதிக நாள் கிடக்காதது, பெரும்பாலும் ஓரளவு மீளும். தகட்டுப் பொருள் உதிர்ந்து அடியில் படிந்தோ, சட்டகம் அரித்தோ, உள்ளே ஷார்ட் ஆகியோ போன பேட்டரியை எந்த சார்ஜும் மீட்காது. அத்தகையதை முறையான மறுசுழற்சிக்கு அனுப்புவதே சரி. அதன் ஈயம் உருகிப் புதிய பேட்டரியின் தகடாகும்.