ஈசூனில் புதிய பிடிஓ வீடு: விலையைக் குறைப்பது யாருடைய பணம்?

காத்திப் எம்ஆர்டி பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு செஞ்சாரு தெரிந்த இடம்தான் (பெயரே மலாய் மொழியில் ஒரு மீனைக் குறிக்கும்). அங்கு 2040ஆம் ஆண்டுக்குள் சுமார் 10,000 வீடுகள் வரவிருக்கின்றன. அவற்றில் குறைந்தது 80 விழுக்காடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள். முதல் திட்டமான செஞ்சாரு ஹில்ஸ் 2024 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது.

"பிடிஓதான் மலிவு, கவர்மெண்ட் காசு போடுது"னு வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காசு எந்த வழியாக வருகிறது?

கழகத்துக்கு நட்டம்தான்

1960இல் தொடங்கப்பட்ட வீவகவுக்கு நிலம் இலவசமாகக் கிடைப்பதில்லை. மதிப்பீடு செய்யப்பட்ட சந்தை விலையை அது அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது. அந்தப் பணம் நாட்டின் கடந்தகால இருப்பில் சேர்கிறது. அதற்கு மேல் கட்டுமானச் செலவு வேறு. வீட்டின் விலையோ அந்தச் செலவைக் கூட்டிப் போடப்படுவதில்லை. பக்கத்தில் உள்ள மறுவிற்பனை வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, அதிலிருந்து கழிவு கொடுக்கிறார்கள். 2023 நிதியாண்டில் வீவகவின் பற்றாக்குறை 6.7 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. அதை ஈடுகட்டுவது அரசாங்க மானியம்.

நிலத்துக்கு முழு விலை போட்டுவிட்டு, அதில் கழிப்பதைச் சலுகை என்று சொல்லலாமா? 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இது பெரிய விவாதமானது. நில விலையைத் தொடக்கத்தில் சேர்க்கவே வேண்டாம், வீட்டை விற்கும்போது வசூலிக்கலாம் என்றது சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி. நிலமும் இருப்பின் ஒரு பகுதி, குறைத்துக் கொடுத்தால் வருங்காலத் தலைமுறைக்குத்தான் இழப்பு என்பது அரசாங்கத்தின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாங்குபவரின் மாதத் தவணை இந்தக் கணக்கைப் பொறுத்துதான் அமைகிறது.

உங்களுக்கு வரும் மானியம்

மேம்படுத்தப்பட்ட வீடமைப்பு மானியம் 2024 ஆகஸ்ட்டில் உயர்த்தப்பட்டது. முதன்முறை வாங்கும் குடும்பங்களுக்கு 120,000 வெள்ளி வரை, தனியாக வாங்குவோருக்கு 60,000 வெள்ளி வரை. சம்பளம் குறையக் குறைய மானியம் கூடும்.

பலர் கவனிக்காத விஷயம்: இது கையில் ரொக்கமாகக் கிடைக்காது, மத்திய சேமநிதிக் கணக்கில்தான் போடப்படும். பின்னாளில் வீட்டை விற்றால், மானியத் தொகையை வட்டியோடு உங்கள் சேமநிதிக்கே திருப்ப வேண்டும். பணம் உங்களுடையதுதான், ஆனால் உடனே செலவழிக்க முடியாது.

எப்போது விற்கலாம்?

2025 பிப்ரவரியில் ஈசூனில் விற்பனைக்கு வந்த வீடுகள் ஸ்டாண்டர்ட் வகை. சாவி கிடைத்து 5 ஆண்டுகள் குடியிருந்தால் விற்கலாம். நகருக்கு அருகிலும் வசதியான இடங்களிலும் அமையும் பிளஸ், பிரைம் வீடுகளுக்கு அது 10 ஆண்டு. விற்கும்போது கூடுதல் சலுகையின் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த வகையானாலும் 99 ஆண்டுக் குத்தகைதான்.

வாங்கவே முடியாதவர்களுக்கு வீவக வாடகை வீடுகள் உண்டு. வருமானத்தைப் பொறுத்து வாடகை மாறும்.

இந்தியர்கள் பார்க்க வேண்டிய விதி

1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் இன விகிதம் வைக்கப்பட்டுள்ளது. உங்கள் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிரம்பிவிட்டால், இந்தியரான நீங்கள் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைகிறார்கள், விலையும் இறங்கலாம். அரசாங்க உதவியோடு மலிவாக வாங்கிய வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் லாபம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். கூடி வாழ்வதற்கான விதிதான், ஆனால் அதன் செலவு சிறுபான்மையினர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது. விற்க முடியாமல் உண்மையிலேயே சிரமப்படுவோரின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது.