ஈயக் கழிவு சொல்லும் பாடம்



சிகாமட் ஈயத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அல்ல. ரப்பரும் செம்பனையும் டுரியானும்தான் இந்த வட்டாரத்தின் அடையாளம். இங்கே உலோகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய இரும்பு வாங்க வரும் லோரிதான். கெட்டுப்போன மின்விசிறி, பழைய தொலைக்காட்சிப் பெட்டி, உடைந்த கைத்தொலைபேசி எல்லாம் அதில் ஏறிப் போகின்றன. கையில் கொஞ்சம் பணம் வந்ததும் நாமும் அவற்றை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பொருட்களிலிருந்து எதை எடுக்கிறார்கள்? எடுத்தது போக மிஞ்சுவது எங்கே போகிறது? இந்த இரண்டாவது கேள்வியை நம் நாடு ஏற்கெனவே ஒரு முறை சந்தித்திருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

உலையில் மிஞ்சிய கசடு

நாம் பேச்சு வழக்கில் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயம்தான் அன்றைய மலாயாவின் செல்வம். 1887-ல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம், முதலில் சிங்கப்பூரின் புலாவ் பிரானியிலும் பிறகு 1902-ல் பட்டர்வொர்த்திலும் ஈயம் உருக்கும் ஆலைகளை நடத்தியது. தாதுவை உருக்கினால் ஈயம் தனியே பிரியும், கண்ணாடி போன்ற கசடு மிஞ்சும். அந்தக் கசட்டைக் குப்பையாகக் குவித்தார்கள். பள்ளம் மேடு நிரப்பவும் பயன்படுத்தினார்கள்.

அந்தக் குப்பைக்குள் டாண்டலம் என்ற உலோகம் இருந்தது. ஏறக்குறைய 3,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அது உருகும். மின்னணுக் கருவிகளில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகங்களைச் செய்ய அது தேவைப்பட்டது. 1979, 1980 ஆண்டுகளில் அதன் விலை பல மடங்கு உயர்ந்தபோது, கசட்டின் மதிப்பும் கூடவே ஏறியது. அந்தக் காலத்தில் உலகின் டாண்டலத்தில் பெரும் பங்கு மலேசியா, தாய்லாந்து நாடுகளின் ஈயக் கசட்டிலிருந்தே கிடைத்தது. தாய்லாந்தின் பூக்கெட் தீவில், நிலம் நிரப்பப் போட்ட பழைய கசட்டைத் தோண்டி எடுத்து விற்றார்கள்.

கறுப்பு மணலும் மணவாளக்குறிச்சியும்

கழிவு உலையில் மட்டும் மிஞ்சவில்லை. சுரங்கத்தில் ஈயத் தாதுவைப் பிரித்த பிறகு கனமான கறுப்பு மணல் ஒன்று மிஞ்சும். மலாய்க்காரர்கள் அதை அமாங் என்பார்கள். இல்மனைட், சிர்க்கோன், மோனசைட், செனோடைம் போன்ற கனிமங்கள் அதில் கலந்திருக்கின்றன. செனோடைமில் இருக்கும் இட்ரியம், பழைய வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் தந்த பூச்சில் பயன்பட்ட பொருள். நம் நாட்டில் 1978 டிசம்பரில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. அந்தப் பெட்டியின் சிவப்புக்கும் சுரங்கக் கழிவுக்கும் உறவு இருந்தது என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

மோனசைட்டின் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909-ல் ஜெர்மானியரான ஷோம்பர்க் இதைக் கண்டறிந்தார். அப்போது உலகம் தேடியது அதிலுள்ள தோரியத்தை. தெருவிலும் வீட்டிலும் எரிந்த எரிவாயு விளக்குகளின் வலைக்கு அது வேண்டியிருந்தது. அதே மணலில் இருந்த அரிய மண் உலோகங்களுக்கு அன்று மவுசு குறைவு.

பின்னாளில் இந்த நிலைமை தலைகீழானது. மின் விளக்கு வந்ததும் தோரியத்தின் தேவை குறைந்தது. மின்னணுத் தொழில் வளர்ந்ததும் அரிய மண் உலோகங்களின் தேவை கூடியது. ஒரே மணலில் ஒரு தலைமுறைக்குப் பொருளாக இருந்தது அடுத்த தலைமுறைக்குக் கழிவானது. அதுவும் சாதாரணக் கழிவு அல்ல. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

புக்கிட் மேரா

இந்தக் கணக்குதான் பேராக்கில் வந்து நின்றது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஜப்பானின் மிட்சுபிஷி குழும நிறுவனம் பங்கு வகித்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-ல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டில் அரிய மண் உலோகங்களைப் பிரிப்பது அதன் வேலை. கழிவைக் காசாக்கும் நல்ல யோசனைதான். ஆனால் மிஞ்சும் தோரியத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஆலை திறக்கும் முன்பே உறுதியான பதில் இருக்கவில்லை.

1984-ல் பாப்பான் என்ற ஊரில் அதைப் புதைக்கத் திட்டமிட்டபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1985-ல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து ஈய விலை சரிந்தது; சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கழிவுச் சிக்கலோ மூடவில்லை. 1987-ல் ஆலை மீண்டும் இயங்கியது. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 தொடக்கத்தில் ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது.

வட்டாரத்தில் கண்ட நோய்களுக்கு ஆலைதான் காரணமா என்பதில் வல்லுநர்கள் நீதிமன்றத்திலேயே முரண்பட்டார்கள். ஆனால் மண்ணைத் துப்புரவு செய்து கழிவை மலையில் புதைக்கும் வேலை ஆலை மூடிய பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அதற்கான செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011-ல் செய்திகள் வந்தன. தாய்லாந்திலும் இப்படி ஒரு மோதல் நடந்தது. 1986 ஜூனில் பூக்கெட்டில், இயங்கத் தொடங்காத டாண்டலம் ஆலைக்கே மாசு பயந்த கூட்டம் தீ வைத்தது.

இன்றைய கேள்வி

நேயர்களே, இந்தச் சரித்திரத்தைக் கேட்டுவிட்டு மறுசுழற்சியே வேண்டாம் என்று முடிவு செய்தால் அது தவறு. 2022-ல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைப் போட்டது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. அரிய மண் உலோகங்களுக்கான உலகத் தேவையில் இப்படித் திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய 1 விழுக்காடுதான். ஒரு கைத்தொலைபேசிக்குள் ஈயம், டாண்டலம், நியோடிமியம் மூன்றும் இருக்கின்றன. அவற்றை வீசி எறிந்துவிட்டுப் புதிய மலையைத் தோண்டுவது அறிவுடைமை ஆகாது.

ஆனால் திறந்தவெளியில் கம்பியை எரித்தும் அமிலத்தில் பலகையைக் கரைத்தும் உலோகம் எடுப்பது மறுசுழற்சி அல்ல. அது கழிவை அடுத்த வீட்டுக்காரரின் காற்றுக்கும் கிணற்றுக்கும் மாற்றிவிடும் வேலை. 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள் மின்னணுக் கழிவை அட்டவணைக் கழிவாக அறிவித்து, அதைக் கையாள உரிமம் வேண்டும் என்கின்றன. சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டு நிற்க நாம் இருக்கிறோமா?

எனவே நம் ஊருக்கு ஓர் உலோக ஆலை வரும் என்றால், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று தாராளமாகக் கேளுங்கள். அதே மூச்சில், எடுத்தது போக மிஞ்சுவது என்ன, அது எங்கே போகும், அதை எத்தனை ஆண்டு யார் காப்பார்கள் என்றும் கேளுங்கள். புக்கிட் மேரா மக்களுக்கு அந்தக் கேள்வியை ஆலை திறந்த பிறகுதான் கேட்க முடிந்தது. நமக்கு முன்னதாகவே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.