ஒரு வண்டிக்குப் பணமுடிப்பு

விழா என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் செலவு என்னுஞ் சொல்லே நம் நினைவுக்கு வருகின்றது. பந்தலுக்கும் விருந்துக்கும் ஊர்வலத்துக்கும் பொருளை வாரி இறைத்துவிட்டு, மறுநாட் காலையிற் கணக்குப் பார்த்து வருந்துவது நம்மிற் பலர்க்குப் பழக்கமாகிவிட்டது. வரவுக்கென்றே எடுக்கப்படும் விழாவும் உண்டு. தலைவர் ஒருவருக்கோ, பள்ளிக்கூடம் ஒன்றுக்கோ பணமுடிப்பு அளிக்கும் விழாக்களை வாசகர்கள் கண்டிருப்பர். ஆனால், ஓட்டம் நின்றுபோன ஒரு மின்சார ரயில் வண்டியைச் செப்பனிடுவதற்காக மக்கள் கூடி விழா எடுத்து நிதி திரட்டினர் என்றால், அது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாகாணத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வண்டியின் பெயர் நார்சிஸஸ். அஃது ஒரு மலரின் பெயர்.

அம்மாகாணத்தில் ஆண்ட்ராஸ்காகின் என்னும் ஆற்றின் கரையிலே லூயிஸ்டன் என்ற நகரம் இருக்கின்றது. ஆற்று நீரின் வலிமையால் அங்கே நெசவாலைகள் பெருகின. அவ்வாலைகளில் வேலை செய்வதற்காகக் கனடாவிலிருந்து பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். பிழைப்புத் தேடி எல்லை கடந்து சென்ற மக்களின் கதை நமக்குப் புதிதன்று. அந்நகரத்து ஆலை முதலாளியாகிய ஸ்காட் லிபி என்பவர், ஆற்று நீரைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அம்மின்சாரத்தால் ஓடும் ரயில் பாதை ஒன்றை லூயிஸ்டனிலிருந்து கடற்கரைத் துறைமுகமாகிய போர்ட்லண்டு வரையில் அமைக்க எண்ணினார். பாதையின் நீளம் சுமார் 40 மைல். 1914-ஆம் ஆண்டுக் கோடையில் அது திறக்கப்பட்டது. ஆயின், எண்ணியவர் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. திறப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் காலமானார்.

நீராவி வண்டியின் புகையும் கரியும் இவ்வண்டிகளுக்கு இல்லை. மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, இரு நகரங்களுக்கும் இடையே மணிக்கு ஒரு வண்டி ஓடிற்று. விரைவு வண்டி 80 நிமிஷத்திற் சென்றடைந்தது. வழியிற் பிரயாணிகள் வேண்டுமிடத்தில் நின்று செல்லும் வண்டிக்கு மேலும் 20 நிமிஷம் பிடித்தது. வண்டிகளுக்கு மலர்களின் பெயரைச் சூட்டியிருந்தனர். அவற்றுள் ஒன்றாகிய நார்சிஸஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து லாக்கோனியா நகரத் தொழிற்சாலையில் 1912-இற் செய்யப்பட்டது. மஹோகனி மரத்தால் இழைத்த உட்புறமும், வளைந்த பலகணிகளின் மேல் வண்ணக் கண்ணாடியும் அதற்கு அழகு தந்தன.

1914 ஆகஸ்டு 18-ஆம் நாள், முன்னாட் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், தாம் தோற்றுவித்த முன்னேற்றக் கட்சிக்கு ஆதரவு தேடி லூயிஸ்டனுக்கு வந்தார். அங்கிருந்து போர்ட்லண்டுக்கு அவர் ஏறிச் சென்ற வண்டி நார்சிஸஸ். இவ்வொரு செய்தியே பிற்காலத்தில் அவ்வண்டிக்குப் புகழ் தேடித் தந்தது.

புகழ் வருமுன் வீழ்ச்சி வந்தது. மோட்டார் வண்டிகள் மலிந்தன, நல்ல சாலைகள் பரவின, பிரயாணிகள் குறைந்தனர். 19 ஆண்டுகளே ஓடிய அப்பாதை 1933 ஜூன் மாத இறுதியில் மூடப்பட்டது. சக்கரமும் இயந்திரமும் இழந்த நார்சிஸஸ், சபாட்டஸ் என்னும் ஊரில் மனிதர் தங்கும் குடிலாக மாறிற்று. தலைவரைச் சுமந்த வண்டி மழையிலும் பனியிலும் நின்று உளுத்தது.

இந்நிலையில் நாம் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1939-இல், அதே மாகாணத்திற் பிட்டபோர்டு, சாக்கோ என்னும் ஊர்களில் ஓடிய டிராம் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பஸ் விட ஏற்பாடாயிற்று. இதைக் கேள்வியுற்ற இளைஞர் சிலர், 150 அமெரிக்க வெள்ளி கொடுத்து, 31-ஆம் எண்ணுள்ள திறந்த டிராம் வண்டி ஒன்றை வாங்கினர். அவர்கள் செல்வரல்லர். பிறர் கழிவென்று தள்ளியதைக் கைக்காசு போட்டு வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பர். ஆனால், அந்த ஒற்றை வண்டியே கென்னபங்க்போர்ட்டிலுள்ள ஸீஷோர் டிராலி காட்சிசாலைக்கு வித்தாயிற்று. வெவ்வேறு நாடுகளில் ஓடிய வண்டிகளும் பிற்காலத்தில் அங்கே இடம் பெற்றன. 1969-இல் நார்சிஸஸும் அங்கு வந்து சேர்ந்தது. 1980-இல் அரசாங்கத்தின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் அதன் பெயர் ஏறிற்று.

பதிவேட்டிற் பெயர் ஏறினால் உளுத்த மரம் தளிர்த்துவிடுமா? உளுத்த பலகையை அகற்றி அதே இன மரத்தை இழைத்துப் பொருத்த வேண்டும். கண்ணாடியைப் புதிதாக அமைக்க வேண்டும். சக்கரச் சட்டமும் மோட்டாரும் தேட வேண்டும். இக்கைத்தொழில் அறிந்தோர் அரியர், கூலியும் பெரிது. ஆகவேதான் நிதி திரட்டும் விழாக்கள் தேவைப்பட்டன. வண்டியின் கதையைச் சொல்லி, கேட்டோர் மனமுவந்து ஈந்ததைச் சேர்த்து, சேர்ந்த அளவுக்கு வேலை நடத்தினர். பணம் வந்தால் உளி நகரும். வராவிடின் உளி ஓயும்.

இங்கே ஒரு கேள்வி எழும். பசித்தவர் உலகில் இருக்கும்போது பழைய வண்டிக்கோ பணம் என்று கேட்பர். நியாயமான கேள்வியே. பசிக்கு அளிக்க வேண்டியதைப் பறித்து வண்டிக்கு அளிப்பது அறமாகாது. ஆனால், வீண் ஆடம்பரத்திற் கரைந்து போகும் பொருளில் ஒரு பகுதியை அறிவுக்குத் திருப்புவது எவ்வாற்றானும் தவறன்று. ஏழைக்குச் சோறு மட்டும் போதும், வரலாறு வேண்டாம் என்று எண்ணுவதும் ஏழையை இழிவு செய்வதேயாகும்.

அரசர்க்கு மாளிகை நிற்கிறது. செல்வர்க்குச் சிலை நிற்கிறது. நெசவாலைப் பெண்ணுக்கும், சந்தைக்குக் காய்கறி கொண்டு சென்ற உழவனுக்கும் எது நிற்கிறது? அவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கிய இத்தகைய வண்டிதான் நிற்கிறது. ரூஸ்வெல்ட் அதில் ஏறியது ஒரே நாள். பெயரறியாத மக்கள் ஏறியது 19 ஆண்டுகள். விழா மேடையில் தலைவரின் பெயரைச் சொல்லி நிதி கேட்பது இயல்பே. கூட்டத்தைக் கூட்ட அப்பெயர் உதவும். ஆயினும் அவ்வண்டியின் உண்மையான உரிமையாளர் அப்பெயரறியா மக்களே என்பது நமது துணிபு.

150 வெள்ளிக்கு அன்று ஒரு வண்டியைக் காத்தனர். தாமதித்துக் காக்கப்பட்ட மற்றொரு வண்டிக்கோ, அதைப்போற் பன்மடங்கு பொருளும் பல்லாண்டு உழைப்பும் வேண்டியதாயிற்று. காலத்திற் காப்பதே சிக்கனம். காக்கத் தவறியபின் விழா எடுத்தேனும் மீட்பது கடமை. இரண்டையுஞ் செய்யாது, போயிற்றே என்று பின்னர்ப் புலம்புவதால் ஒரு பலகையும் மீளாது.