கைவிடப்பட்ட வீடு... மண்ணுக்குள் சில்லறை! - அமெரிக்காவின் பழைய நாணய வேட்டை

காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர், 'பீப்'னு ஒரு சத்தம். மண்ணைக் கிளறினால் பளபளன்னு ஒரு வெள்ளிக் காசு! இந்த மாதிரி ரீல்ஸ் உங்க ஃபீட்லயும் ஒண்ணாவது வந்திருக்கும். பார்க்க 20 நொடி வேலை மாதிரி இருக்கும். ஆனா, பாதி வேட்டை மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. ஒண்ணுமே இல்லாத புல்வெளியில, ஒரு காலத்துல இங்கே ஒரு வீடு இருந்ததுன்னு கண்டுபிடிக்கிறதுதான் அந்தப் பாதி.

அமெரிக்காவில் அப்படி மறைந்துபோன வீடுகள் ஏராளம். 1862-ல் ஆபிரகாம் லிங்கன் 'ஹோம்ஸ்டெட்' சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சிறிய கட்டணம் கட்டி 160 ஏக்கர் வரை அரசு நிலம் வாங்கலாம். ஆனால் அங்கேயே வீடு கட்டி, 5 வருடம் தங்கி, விவசாயம் செய்து காட்டணும். அதன்பிறகுதான் நிலம் சொந்தம். இப்படி சுமார் 16 லட்சம் பேருக்குப் பட்டா கிடைத்தது. (அதில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதையும் மறக்கக் கூடாது.) வந்தவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை. மழை பொய்த்தது, கடன் ஏறியது, 1930-களில் புழுதிப் புயல் வேறு. வீட்டை அப்படியே விட்டுட்டுக் கிளம்பிய குடும்பங்கள் நிறைய. மர வீடுகள் மக்கிப்போக, மிச்சம் இருப்பது ஒரு பள்ளமும் நாலு கல்லும்தான்.

வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் படி, வீட்டில் உட்கார்ந்தபடியே. அந்தக் காலத்துப் பட்டா ஆவணங்களை அமெரிக்க அரசு ஆன்லைனில் இலவசமாகவே வைத்திருக்கிறது. யாருக்கு எந்த வருடம் எந்த நிலம் கிடைத்தது என்று பார்த்து, பழைய மேப்பையும் இன்றைய சாட்டிலைட் படத்தையும் ஒப்பிடுவார்கள்.

நேரில் போனால் மண்ணும் செடியும் பேசும். யாரும் நடாமல் லைலாக் புதரும் டாஃபோடில் பூவும் வரிசையாக வளராது. வீட்டுக்காரம்மா வாசலில் வைத்த செடி, வீடு போன பிறகும் வருடா வருடம் பூக்கும். வெட்டவெளியில் நிழலுக்கென வைத்த ஒற்றை மரம், உடைந்த பீங்கான், செங்கல் துண்டு... இதெல்லாம் துப்பு. ஆணிகூட வயசு சொல்லும்: சதுரமா இருந்தா பெரும்பாலும் 1890-களுக்கு முந்தியது, உருண்டையா இருந்தா பிந்தியது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பழைய கிணறுகளைப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். பலகை உளுத்து, மேலே புல் முளைத்திருக்கும். தெரியாமல் கால் வைத்தால் கதை முடிந்தது. அதனால் தனியாகப் போவதே தப்பு.

சரி, காசு எங்கே விழுந்திருக்கும்? பாக்கெட்டில் இருந்து விழக்கூடிய இடங்களில்தான். துணிக்கொடி கட்டியிருந்த இடம், மர நிழல், கிணற்றடிப் பாதை, வெளியே இருந்த கழிப்பறைக்குப் போகும் வழி. நம்ம வீட்டு சோஃபா இடுக்குல சில்லறை கிடைக்கிற அதே லாஜிக்!

மெஷின் என்ன பண்ணும்?

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான காயில், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, பதிலுக்கு ஒரு சின்ன காந்தப்புலம் வரும். அதை மெஷின் பிடித்து, சத்தமாகவும் எண்ணாகவும் காட்டும். வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் எண் அதிகம். இரும்பு ஆணிக்குக் குறைவு. சிக்கல் என்னன்னா, கூல்டிரிங்க்ஸ் கேனின் அலுமினிய வளையமும் சில நேரம் தங்க நகை மாதிரியே சிக்னல் கொடுக்கும். பழைய வீட்டு மனையில் நூறு ஆணிக்கு நடுவில் ஒரு காசு. பொறுமை இல்லாதவங்களுக்கு இது செட் ஆகாது.

அதிகம் கிடைப்பது 1859 முதல் 1909 வரை வந்த 'இண்டியன் ஹெட்' ஒரு சென்ட், அதன்பின் 1958 வரை வந்த கோதுமைக் கதிர் போட்ட சென்ட். 1964 வரை வந்த 10 சென்ட் காசில் 90 சதவிகிதம் வெள்ளி. மண்ணிலிருந்து எடுக்கும்போதே மின்னுவது இதுதான். செம்புக் காசு பச்சையேறிக் கிடக்கும். பெரும்பாலானவை சில டாலர்களுக்கு மேல் போகாது. 1877-ம் வருட இண்டியன் ஹெட் மாதிரி அபூர்வம் என்றால் கதையே வேற. அந்த வருடம் அச்சடித்தது 8,52,500 மட்டுமே.

கிடைத்ததும் வரும் முதல் ஆசை, சட்டையில் தேய்ப்பது. தேய்க்கவே கூடாது! ஒட்டிய மண் உப்புத்தாள் மாதிரி வேலை செய்து காசின் முகத்தைக் கீறிவிடும். சேகரிப்பவர்களிடம் விலை அங்கேயே சரிந்துவிடும். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தானாக உலர விடுவதே போதும். தோண்டிய குழியையும் புல்லோடு மூடணும். திறந்த குழியில் மாட்டின் கால் மாட்டினால், நிலத்துக்காரர் அடுத்த முறை கேட்டையே திறக்க மாட்டார்.

பர்மிஷன் இல்லையா, கிளம்புங்க!

ஆள் இல்லாத வீடு என்பதற்காக, நிலத்துக்கு ஓனர் இல்லை என்று அர்த்தம் இல்லை. தனியார் நிலத்தில் எழுத்துபூர்வ அனுமதி வாங்கி, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. தேசியப் பூங்காக்களில் டிடெக்டரைப் பயன்படுத்தத் தடை. மத்திய அரசு நிலத்தில் 100 வருடங்களுக்கு மேல் பழமையான தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டினால், 1979-ம் வருடச் சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 டாலர் வரை அபராதமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சேதம் பெரிதென்றால் தண்டனையும் கூடும்.

சொந்த நிலம் என்றால் நிம்மதி. 2013-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி, தங்கள் நிலத்தில் நாயுடன் வாக்கிங் போனபோது, மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த துருப்பிடித்த டப்பாவைப் பார்த்தார்கள். தேடத் தேட 8 டப்பாக்கள், 1,427 தங்க நாணயங்கள்! மதிப்பு சுமார் 1 கோடி டாலர். யார் புதைத்தது என்பது இன்றுவரை மர்மம்.

'நம்ம ஊர்லயும் ட்ரை பண்ணலாமா ப்ரோ?' என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 1878-ம் வருடப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கலெக்டருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கணும். மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில்.