கேப்டன் நெமோவின் இந்திய அடையாளம்: ஜூல்ஸ் வெர்ன் புதினத்தின் நிறையும் குறையும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் இயற்றிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ என்னும் அறிவியல் சாகசப் புதினம் 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை தொடராக வெளிவந்தது. இப்புதினம் நீர்மூழ்கிக் கப்பலை முன்னறிவித்த படைப்பு என்றே பெரிதும் போற்றப்படுகிறது. இப்புகழுரை முழுவதும் சரியன்று. ராபர்ட் ஃபுல்டன் 1800ஆம் ஆண்டிலேயே ‘நாட்டிலஸ்’ என்னும் பெயரில் நீர்மூழ்கி ஒன்றைக் கட்டியிருந்தார். வெர்ன் அப்பெயரையே எடுத்துக்கொண்டார். எழுபது மீட்டர் நீளக் கலம் முழுவதையும் மின்னாற்றலால் இயக்கிக் காட்டிய கற்பனையே அவருடைய தனிப் பங்களிப்பு எனலாம். தலைப்பிலுள்ள இருபதாயிரம் லீக்குகள் ஆழத்தைக் குறிப்பன அல்ல என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நன்று. அவை கலம் கடந்த தொலைவு, அதாவது ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர்.

அறிவியல் நோக்கில் குறைகள் இல்லாமல் இல்லை. நாட்டிலஸ் 16,000 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. உலகப் பெருங்கடல்களில் அத்தகைய ஆழமே கிடையாது. தென்துருவத்தைக் கடல்வழியே அடைவதும் அவ்வாறானதே. பக்கம் பக்கமாக நீளும் மீன்வகைப் பட்டியல்கள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன. ஆயினும் இவற்றைக் காலத்தின் குறைகள் என ஒதுக்கிவிடலாம். இந்தியவியல் மாணவர்களாகிய நாம் கருதவேண்டிய குறை வேறு. அது கதைத்தலைவனின் அடையாளத்தைப் பற்றியது.

நெமோ யார் என்பதை முதற்புதினம் சொல்வதில்லை. 1875இல் நிறைவுற்ற ‘மர்மத் தீவு’ என்னும் புதினத்திலேயே அவன் புந்தேல்கண்ட் அரசரின் மகன், இளவரசன் தக்கார் என்றும், திப்பு சுல்தானின் உறவினன் என்றும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவன் என்றும் அறிகிறோம். ஜான்சி புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்தது என்பதை நோக்கும்போது இடத்தேர்வு பொருத்தமுடையதே. உறவுமுறைதான் இடறுகிறது. மைசூரின் இசுலாமிய மன்னருக்கும் புந்தேல்கண்ட் அரசகுலத்துக்கும் இத்தகைய மணவுறவு இருந்தமைக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. தக்கார் பத்து வயதில் ஐரோப்பா சென்று முப்பது வயதுவரை அங்கே பயின்று 1849இல் திரும்பினான் என்கிறது கதை. அவ்வாறெனில் திப்பு 1799இல் வீழ்ந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அவன் பிறந்திருக்கவேண்டும். (பிரெஞ்சுச் சொல் உடன்பிறந்தான் மகனையும் உடன்பிறந்தாள் மகனையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் பெயர்ப்போர் மகனா மருமகனா என்று முடிவு செய்தே ஆகவேண்டும்; வெர்னுக்கு அக்கவலை இல்லை.) இரு புதினங்களின் காலக்கணக்கும் ஒன்றோடொன்று முரண்படுகிறது. முதற்கதை 1866 முதல் 1868 வரை நடப்பது. 1868இல் இறக்கும் நெமோவோ அந்நிகழ்ச்சிகள் பதினாறு ஆண்டுகளுக்கு முந்தியவை எனக் கொள்கிறான். அதன்படி 1857 கிளர்ச்சிக்கு முன்பே நாட்டிலஸ் கடலில் இருந்திருக்கவேண்டும்!

இம்முரண்பாடுகளின் காரணம் வரலாற்றில் உள்ளது. வெர்ன் முதலில் நெமோவைப் போலந்து நாட்டவனாகவே கருதினார். 1863ஆம் ஆண்டுப் போலந்துக் கிளர்ச்சியை ரஷ்யா ஒடுக்கியதற்குப் பழிவாங்குபவனாக அவனைப் படைப்பது அவர் நோக்கம். ரஷ்ய வாசகரை இழக்க விரும்பாத பதிப்பாளர் ஹெட்செல் அதை ஏற்கவில்லை. ஆகவே பகைநாடு பெயரற்றதாயிற்று. பின்னர்த் தேடிக் கண்ட இந்திய அடையாளம் முன்னரே வார்க்கப்பட்ட உருவத்தின்மீது பூசப்பட்டது. நெமோவின் நூலகத்தில் 12,000 நூல்கள் உள்ளன; ஹோமர் முதல் விக்டர் ஹியூகோ வரை எடுத்துச் சொல்லப்படும் பெயர்கள் ஐரோப்பியப் பெயர்கள். அறைச்சுவரில் கொஸ்கியுஸ்கோ, ஓகானல், வாஷிங்டன், லிங்கன், ஜான் பிரௌன் முதலிய விடுதலை வீரர்களின் படங்கள் உண்டு. அவர்களுள் இந்தியர் ஒருவரும் இல்லை.

எனினும் முதற்புதினத்திலேயே இந்தியாவை நோக்கிய ஓரிடம் உண்டு. அது தமிழ்க்கடலில் நிகழ்வது. மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகையில், சலாபம் தொடங்குமுன் தனியே மூழ்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ குறுவாளுடன் அதன்மேல் பாய்கிறான்; அவனையே சுறா வீழ்த்தவிருந்த நிலையில் நெட் லேண்டின் ஈட்டி காக்கிறது. பிழைத்த குளிப்பாளியின் கையில் நெமோ ஒரு முத்துப்பையை வைக்கிறான். அடக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன் அவன், தானும் அந்நாட்டவர் பக்கமே என்று பின்னர்க் கூறுகிறான். இக்காட்சியையே நாம் புதினத்தின் உச்சமாகக் கொள்கிறோம். குளிப்பாளிகளின் சொற்பக் கூலியையும், கால்களுக்கிடையே கல்லைப் பற்றி இறங்கும் முறையையும் வெர்ன் முன்னதாகவே விளக்கிவிடுவதால், முத்துப்பையின் பொருள் வாசகருக்கு விளங்குகிறது. சாகசக் கதையில் பொருளியல் செய்தி இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அரிது.

ஆயினும் அம்மனிதனுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. உண்மையான சலாபத்தில் கயிறு பிடிப்போர் இருந்தனர். சுறாவைக் கட்டும் ‘கடல்கட்டி’ இருந்தார். அவருக்கு ஆங்கிலேய அரசே ஊதியம் வழங்கியது. மந்திரத்தை நம்பாத அரசு மந்திரத்துக்குக் கூலி கொடுத்த இந்நிகழ்ச்சி எந்தப் புதினத்துக்கும் ஏற்றது. வெர்னின் காட்சியிலோ அவருக்கு இடமில்லை.

இப்புதினங்களை ஆங்கிலத்தில் படித்தோர்க்கு மற்றொரு தடையும் இருந்தது. லூயிஸ் மெர்சியரின் 1872ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு முதற்புதினத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிட்டது. ‘மர்மத் தீவு’க்கு நேர்ந்தது இதனினும் கடுமையானது. 1875இல் கிங்ஸ்டன் பெயரில் வெளிவந்த ஆங்கில ஆக்கம் தக்காரின் வரலாற்றையே திருத்தி எழுதியது. மூலத்தில் அந்நிய ஆட்சியின்மீது கொண்ட வெறுப்பு நியாயமான காரணமாக நிற்கிறது. அவ்வாக்கத்திலோ ஆங்கிலேயர் இந்தியாவுக்கு அமைதியும் வளமும் தந்தவர். கிளர்ந்தெழுந்த மக்கள் தன்னல இளவரசர்களால் தூண்டப்பட்டவர். உரிமைக்காலம் முடிந்த நூலாதலால் இவ்வாக்கம் இன்றும் மலிவுப் பதிப்புகளில் கிடைக்கிறது. மூலத்துக்கு நெருங்கிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டு 2001இல் வெளிவந்தன. வகுப்பறைக்கு இந்நூலை எடுத்துச் செல்லும் ஆசிரியர் மொழிபெயர்ப்பாளரின் பெயரை முதலில் பார்க்கவேண்டும். தக்காரின் கதை இடம்பெறும் அதிகாரத்தைப் புரட்டி, கிளர்ச்சிக்கு அங்கே யார் பொறுப்பாக்கப்பட்டுள்ளார் என்று நோக்கினாலே கையிலிருப்பது எந்த ஆக்கம் என்பது தெரிந்துவிடும்.