மூளைப் புற்றுக்குக் குருத்தணு மருத்துவம்

வீரியமிக்க மூளைக் கட்டிகளை, குறிப்பாகக் கிளியோபிளாஸ்டோமாவை, குருத்தணுக்களைக் (ஸ்டெம் செல்) கொண்டு எதிர்க்கும் முயற்சி. சிதைந்த மூளையைப் புதுப்பிக்க அன்று, மருந்தைக் கட்டி இருக்கும் இடத்துக்கே சுமந்து செல்லவே குருத்தணு இதில் பயன்படுகிறது. இன்றளவும் இது ஆய்வு நிலையில்தான் உள்ளது.

தேவை
கிளியோபிளாஸ்டோமா மூளைத் திசுவுக்குள் வேரோடிப் பரவும். அறுத்தெடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் தங்கிவிடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்போ பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு என்னும் புற்று மருந்தும் கொடுத்தபோது நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. அந்த இரண்டரை மாதமே பெரும் முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டது.

வரலாறு
வளர்ந்த எலியின் மூளையிலும் குருத்தணு உண்டு என்பதைக் கனடாவின் ரெனால்ட்ஸும் வைஸும் 1992இல் காட்டினர். 2000இல் கேரன் அபூடி, எவான் ஸ்னைடர் குழுவினர் எலி மூளையின் ஒரு பாதியில் கட்டியை வளர்த்து, மறு பாதியில் நரம்புக் குருத்தணுக்களைச் செலுத்தினர். அவை மூளையைக் கடந்து கட்டியைத் தேடிச் சென்று சேர்ந்தன. இத்துறை இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்தது.

மனிதரிடம் முதல் சோதனை கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் நடந்தது. ஒரு நொதியைச் சுரக்கும்படி மாற்றிய குருத்தணுக்கள் அறுவையின்போது மூளைக்குள் செலுத்தப்பட்டன. நான்காம் நாள் முதல் 5-எஃப்சி என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நோயாளி விழுங்கினார். அது மூளைக்குள் போனதும், அந்த நொதி அதைப் புற்றணுவைக் கொல்லும் 5-எஃப்யூவாக மாற்றியது. 15 நோயாளிகளின் முடிவுகள் 2017இல் வெளியாயின. இறந்தபின் செய்த பரிசோதனையில், குருத்தணுக்கள் தொலைவிலிருந்த கட்டிகளையும் எட்டியிருந்தது தெரிந்தது. 2021இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, புற்றைத் தாக்கும் வைரஸைக் குருத்தணுவில் ஏற்றி 12 பேரிடம் சோதித்த விவரத்தை வெளியிட்டது. இரண்டுமே பாதுகாப்பை அறியும் தொடக்க நிலைச் சோதனைகள். குணமாக்கும் என்று இவற்றைக் கொண்டு சொல்ல முடியாது.

தமிழ்நாடு
புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புற்று மருத்துவ வரலாற்றில் ஓர் இடமுண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரில் உறுதிபூண்டு, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1986இல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் நடந்தது. 2005இல் அமைந்த வேலூர் குருத்தணு ஆய்வு மையம், மரபணு சேர்த்த ரத்தக் குருத்தணுக்களால், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்குச் சிகிச்சையளித்த முடிவை 2024இல் வெளியிட்டது. மூளைப் புற்றுக்கான ஆய்வு அன்று அது. ஆனால் குருத்தணுவை மருந்தாக்கும் கைத்திறன் இம்மண்ணில் வேரூன்றிவிட்டதற்குச் சான்று.

எச்சரிக்கை
மாஸ்கோவில் கருவின் நரம்புக் குருத்தணுக்களைப் பெற்ற இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு, அந்த அணுக்களிலிருந்தே மூளைக் கட்டி வளர்ந்தது 2009இல் பதிவானது. ரத்த நோய்கள் முதலான வரையறுத்த சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்குக் குருத்தணுவை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. மூளைப் புற்றுக்குக் குருத்தணு ஊசி போடுவதாகப் பணம் கேட்பவரிடம், ஆய்வின் பதிவு எண்ணை முதலில் கேட்க வேண்டும்.