வகைப்பாட்டின் ஆட்சி: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பிரதிநிதித்துவமும் ஏற்றத்தாழ்வும்

சிறு தீவு நாடொன்றின் அரசியலை ஆராயப் புகுவோர் அந்நாட்டின் சட்டசபையையும் கட்சிகளையும் வரவுசெலவுத் திட்டத்தையும் முன்வைத்தே தம் விசாரணையைத் தொடங்குவது வழக்கம். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 3,80,581 மக்கள் வாழும் அந்தமான் நிக்கோபார் தீவுகளோ, செஷல்ஸ் என்னும் சுதந்திரத் தீவு நாட்டினும் ஜனத்தொகையிற் பன்மடங்கு பெரியனவாயினும், அவ்வாறு விசாரணையைத் தொடங்குவதற்கு ஒரு சட்டசபையைக்கூடப் பெற்றில. 1956இல் மத்திய ஆட்சிப் பிரதேசமான நாள்தொட்டு டில்லியின் நேர்ப் பரிபாலனமே அங்கு நடைபெறுகிறது. லோக்சபைக்குச் செல்லும் ஓர் உறுப்பினரையும் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் மக்கள் முதன்முதலாகத் தாமே தேர்ந்தனர். ஊராட்சிகளும் ஜில்லா பரிஷத்தும் உண்டு. ஆனால் நிலத்தையும் வனத்தையும் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் அவற்றுக்கில்லை.

சட்டசபை இல்லாத இடத்தில் அரசியல் இல்லாமற் போவதில்லை. மக்களை இன்னார் இன்ன வகையினர் என்று பிரித்தெழுதும் கோப்புகளுக்குள் அது புகுந்துகொள்கிறது. இத்தீவுகளின் ஏற்றத்தாழ்வுக்குச் செல்வமும் சாதியும் காரணமாயிருப்பதினும் அப்பிரிப்பே பெருங்காரணம் என்பது என் துணிபு.

1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்கள் கப்பலேற்றிக் கொணரப்பட்டு, காடு திருத்திய நிலத்தில் பாத்தியதையோடு குடியமர்த்தப்பட்டன. அகதிகளுக்குப் புகலிடம் அளித்தல் என்ற பெயரால் நடந்த இக்காரியம், தீவுகளை ஆளற்ற நிலமாகக் கருதிய பழைய குடியேற்றக் கொள்கையின் தொடர்ச்சியே என்பதை உதிதி சென் தமது 2018ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அக்காடுகளை வெட்டித் திருத்திய உழைப்பில் பெரும்பங்கு, 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து வரவழைக்கப்பட்டு ‘ராஞ்சிகள்’ என்று அழைக்கப்பட்ட ஆதிவாசிக் கூலிகளுடையது. திருத்திய நிலம் பிறருக்குச் சென்றது. திருத்தியவர் வனத்தின் ஓரத்தில் பட்டாவின்றித் தங்கி, ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரைப் பெற்றனர். தாயகத்தில் பழங்குடியினராக எண்ணப்படும் அவர்களுக்குத் தீவுகளில் அந்த அந்தஸ்து இல்லை. வங்காளக் குடியேறிகள், 1942க்கு முற்பட்ட குடியினர், மாப்பிள்ளைகள், பாந்துக்கள், கரேன்கள் ஆகிய ஐந்து பிரிவினருக்கு வழங்கப்பட்ட பிற்பட்டோர் சலுகையிலும் அவர்களுக்கு இடமில்லை. இவர்களது வாழ்வை ஃபிலிப் செமிஷ் 2017இல் வெளியிட்ட நூல் பரிவோடு ஆராய்கிறது. அரசின் கைக்கெட்டாமல் காட்டோரத்தில் வாழ்வதை ஒருவகைச் சுதந்திரமாகப் பாராட்டும் போக்கு ஆய்வுலகில் உண்டு. பள்ளியும் வைத்திய வசதியும் வீட்டுமனையுரிமையும் அரிதாகிய அவ்வாழ்வைச் சுதந்திரம் என்றழைக்க என் மனம் ஒப்பவில்லை.

தமிழராகிய நமக்கு இதினும் அணுக்கமானது கட்சால் தீவின் கதை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் அனுப்பப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் அத்தீவின் ரப்பர்த் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். இலங்கையில் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட அவர்கள் இங்கே பிரஜைகளாயினர் என்பது மெய். ஆயின் கட்சால் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட தீவாதலின் அங்கு நிலத்துக்கு உரியவராக இயலவில்லை. அவ்விலக்கு நிக்கோபாரியரைக் காக்க எழுந்த நியாயமான விலக்கு; அதை நான் குறை கூறேன். காக்கப்பட்ட நிலத்தில் வேற்று மக்களைக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கி, அவர்களுக்கு மாற்றிடம் வகுக்காமல் விட்ட தீர்மானமே குறைக்குரியது. அத்தீர்மானத்தை எந்தத் தீவுச் சபையும் விவாதித்ததில்லை.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இக்குறை வேறு வடிவெடுத்தது. நிக்கோபாரியர் சமூகம் ‘துஹெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்தைச் சார்ந்தது. தென்னந்தோப்பும் நிலமும் அதன் பொதுச் சொத்து. நிவாரணமோ கணவன், மனைவி, மக்கள் என்ற சிறு குடும்பத்தை அலகாகக் கொண்டு பகிரப்பட்டது. பேரலைக்கு முன்பே அத்தீவுகளை ஆராய்ந்திருந்த சிம்ரன் ஜித் சிங், உதவியே சமூகத்தின் கட்டுக்கோப்பைக் குலைத்த விதத்தைப் பின்னர் எழுதினார். பணம் வந்த வேகத்தில் பகிர்ந்துண்ணும் வழக்கம் தளர்ந்தது.

இனி, சட்டசபை வழங்கினால் எல்லாம் சீராகும் என்போருக்கு ஒரு தடை சொல்ல வேண்டும். அங்கே வாக்காளருள் மிகப்பெரும்பாலோர் குடியேறிகளின் வழிவந்தவர். பழங்குடியினராகிய ஜாரவாக்களோ சில நூற்றுவர். ஷேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2002இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஜாரவா ஒதுக்குவனத்தின் வழிச் செல்லும் அந்தமான் பெருஞ்சாலையின் பகுதிகளை மூடவும், வனத்தினின்று ஆக்கிரமிப்புகளை அகற்றவும் கூறிற்று. சாலைப் போக்குவரத்து நிற்கவில்லை. அகற்றுதலின் பாரமோ பட்டா இல்லாத ஏழைகள்மேல் விழுந்தது. எண்ணிக்கையால் மட்டும் நடக்கும் சபையும் இவ்விரு சாராரையும் இவ்வாறே நடத்தக்கூடும். ஆகலின் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அச்சபையின் அதிகாரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். பழங்குடிக் கவுன்சிலின் சம்மதம் அரசுக்குக் கட்டாயமாதலும் வேண்டும்.

இச்சம்மதம் இன்று எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதைக் கிரேட் நிக்கோபார் காட்டும். கலத்தியா வளைகுடாவில் சரக்குமாற்றுத் துறைமுகமும், விமான நிலையமும், நகரமும் அமைக்கும் திட்டம் சுமார் 130 சதுர கிலோமீட்டர் வனத்தைக் கோருகிறது. 2022 நவம்பரில் சூழல் அனுமதி பெற்றது. அதே மாதத்தில் கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார் பழங்குடிக் கவுன்சில் தான் முன்னர் அளித்த ஆட்சேபமின்மைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. ஆழிப்பேரலைக்குப்பின் காம்பல் விரிகுடாவுக்கு அருகே குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர் தம் மூதாதையர் ஊர்களுக்குத் திரும்பக் காத்திருந்தவர்கள். அவ்வூர்கள் திட்டத்துக்குட்படும் என்பது தமக்கு முன்னரே அறிவிக்கப்படவில்லை என்பதே கவுன்சிலின் முறையீடு. 1949இல் வனத்தை ஆளற்றதாக எழுதிய அதே கோப்பின் கண்ணுக்கு, அலையால் வெறிச்சோடிய ஊரும் ஆளற்ற நிலமாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.